ஏழு நாளில் ஆறு பூங்கா வேண்டாம்: கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது. கணவன், மனைவி, பத்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏழு நாள். ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் அம்போசெலி, மன்யாரா ஏரி, ஙொரோங்கொரோ, செரெங்கெட்டி, மசாய் மாரா, நகுரு ஏரி என்று ஆறு இடங்கள் இருக்கின்றன. இது நடக்குமா? மே மாதக் கோடை விடுமுறையில் போவதா, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையில் போவதா? பணம் எங்கே போகிறது?

நடக்கும். ஆறு கேட்டையும் தொட்டுவிட்டு ஊர் திரும்பலாம். ஆனால் அந்த ஏழு நாளில் பாதியை வண்டிக்குள் தூங்கியே கழிப்பீர்கள். கென்யா, தான்சானியா என்று இரண்டு நாட்டையும் சேர்க்காதீர்கள், மூன்று இடத்துக்கு மேல் போகாதீர்கள், அதில் ஏதாவது ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள். என் பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன், எங்கே, எப்போது என்பதற்கான விளக்கம்.

முதலில் நேரக்கணக்கு. சவன்னாப் புல்வெளியில் உருப்படியாக ஏதாவது நடப்பது பெரும்பாலும் விடியற்காலையிலும் சாயங்காலமும்தான். ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதரை வரை, அப்புறம் மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் சிங்கம் புதருக்கடியில் மல்லாந்து கிடக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறரை மணியை ஒட்டித்தான் விடியும், ஆறரை மணியை ஒட்டித்தான் இருட்டும். இடம் மாறுகிற ஒவ்வொரு நாளும் ஒரு காலைப் பொழுது பெட்டி கட்டுவதில் போய்விடும். ஆறு இடம் என்றால் ஏறக்குறைய எல்லாக் காலையும் போச்சு.

வரைபடமும் ஏமாற்றும். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டியின் நடுவிலுள்ள செரோனெராவுக்கு முந்நூறு சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஙொரோங்கொரோ மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, குலுக்குகிற மண்பாதையில் போய்ச் சேர ஏழெட்டு மணி நேரமாகும். நைரோபியிலிருந்து மசாய் மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம்.

கென்யாவின் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளிதான். நடுவில் வேலிகூடக் கிடையாது. அதனால் காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று ஏஜென்ட் எழுதிவிடுகிறார். ஆனால் பூங்காக்களுக்கு நடுவே இருக்கும் அந்த எல்லைவழி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற பழைய நாடுகளின் கூட்டமைப்பு உடைந்தபோது கென்யா - தான்சானியா எல்லை மூடப்பட்டது. சில வருடம் கழித்து மற்ற வழிகள் திறந்தன, இது திறக்கவில்லை. வரிக்குதிரை நடந்து கடக்கிற தூரத்துக்கு நீங்கள் மேற்கே இசெபானியா - சிராரி சோதனைச் சாவடி வரை சுற்ற வேண்டும். ஒரு நாள் முழுதாகப் போகும். பெரும்பாலும் எல்லையில் வண்டியும் ஓட்டுநரும் மாறுவார்கள். உங்களுக்குப் பழகி, பிள்ளைகளின் பெயர் தெரிந்துகொண்ட ஓட்டுநரை அங்கே விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எப்போது போவது? மே மாதம் வேண்டாம். மார்ச் கடைசி முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம், ‘மசிகா’ என்பார்கள். நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிற சமயமும் இதுதான் என்பதால் நம் ஊர் ஏஜென்டுகள் ‘பசுமைக் காலச் சலுகை’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். விலை குறைவு என்பது உண்மை, புல்வெளி பச்சைப்பசேலென்று இருப்பதும் உண்மை. ஆனால் செரெங்கெட்டியிலும் மாராவிலும் பல பகுதி நம் கோவில்பட்டிப் பக்கம் இருப்பது போன்ற கரிசல் மண். நல்ல மழை பெய்தால் லேண்ட் குரூஸரே அச்சு வரை இறங்கிவிடும். புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும்போது படுத்திருக்கும் சிங்கம் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகளும் சிதறிப் போயிருக்கும். பறவை பார்ப்பவர்களுக்கும் கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் இந்த மாதங்கள் பிடிக்கலாம். முதல்முறை போகிற பிள்ளைகளுக்கு இது சரிப்படாது.

காலாண்டு விடுமுறை அதிர்ஷ்டமான காலம். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் வறட்சியின் உச்சம். புல் குட்டை, தண்ணீர் சில இடங்களில் மட்டும், அதனால் விலங்குகள் அங்கே கூடும். வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான்களின் மந்தை அப்போது வடக்கே, மாரா ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும். அரையாண்டு விடுமுறை, அதாவது டிசம்பர் கடைசியும் மோசமில்லை. மந்தை அதற்குள் தெற்குச் சமவெளிக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் விடுதி விலை ஏறிக் கிடக்கும்.

மந்தை என்றதும் எல்லார் மனதிலும் வருவது ஆற்றில் வில்டபீஸ்ட் குதிக்கிற காட்சிதான். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், கூடவே சில லட்சம் வரிக்குதிரைகளும் கேசல் மான்களும் மழையைத் தொடர்ந்து வருடம் முழுக்க வட்டமடிக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே ந்துடு பகுதியின் குட்டைப்புல் வெளி. மழைக்கால முடிவில் மேற்கே க்ருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே, மாரா ஆற்றின் இரு கரையிலும். நவம்பரில் மறுபடி தெற்கு நோக்கி. மாதத்தைச் சொன்னால் மந்தை இருக்கும் பகுதியைச் சொல்லலாம். தேதி சொல்லி ‘இன்று மந்தை ஆற்றைத் தாண்டும்’ என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி உறுதி தருகிற ஏஜென்டிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இது காலங்காலமாக இப்படியே நடந்துவருகிற காட்சி என்று நினைக்கத் தோன்றும். கிடையாது. 1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு நோய் ஆப்பிரிக்காவில் கால்நடைகளையும் காட்டு விலங்குகளையும் வாரிக்கொண்டு போனது. மசாய் மக்கள் மாடுகளை இழந்து பட்டினியில் மடிந்தார்கள். அந்த நோய் அறுபது, எழுபது வருடம் அங்கேயே தங்கி வில்டபீஸ்ட் கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் இருந்தது சுமார் இரண்டரை லட்சம் வில்டபீஸ்ட்தான். சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபின் நோய் காட்டு விலங்குகளிடமிருந்தும் மறைந்தது. 1970களின் கடைசிக்குள் மந்தை 13 லட்சத்தைத் தொட்டுவிட்டது. யாரும் வில்டபீஸ்ட்டுக்கு ஊசி போடவில்லை. மாட்டுக்குப் போட்ட ஊசி அது. அந்த நோயே 2011இல் உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

மந்தை ஆற்றைத் தாண்டுவதைப் பற்றி என் தனிப்பட்ட கருத்து ஒன்று. குழந்தைகளோடு போகிறவர்கள் அதை முக்கியக் குறிக்கோளாக வைக்க வேண்டாம். கரையில் மந்தை வந்து நிற்கும், இறங்கும், ஏதோ ஒன்று மிரண்டு அத்தனையும் திரும்பி ஓடும். நாலு மணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டுச் சும்மா வருவது சகஜம். சுற்றிலும் நாற்பது, ஐம்பது வண்டி. 2025இல் வடக்கு செரெங்கெட்டியில் பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் கரையில் நின்று மந்தையின் வழியை மறித்த வீடியோ பரவி, பெரிய கண்டனம் எழுந்தது. தாண்டல் நடந்தாலும் அது லேசான காட்சியல்ல. மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேல் வில்டபீஸ்ட் மூழ்கிச் சாவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முதலை தின்பது அதில் கொஞ்சம்தான், மீதியைப் பிணந்தின்னிக் கழுகுகளும் மீன்களும் பார்த்துக்கொள்ளும். எலும்புகள் வருடக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கே உரமாகின்றன.

அதைவிட எனக்குப் பிடித்தது பிப்ரவரி மாத ந்துடு. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கும். பிறந்த கன்று சில நிமிடத்தில் எழுந்து நின்றுவிடும், அன்றைக்கே தாயோடு ஓடும். ஏன் அத்தனையும் அங்கே போய் ஈனுகின்றன? பக்கத்தில் ஒல் டொய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை இருக்கிறது. அதுவும் அதன் அண்டை எரிமலைகளும் பல காலமாகக் கக்கிய சாம்பல் மண்ணில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தக் குட்டைப்புல் நல்ல தீனி. அதே சாம்பல் அடியில் சிமென்ட் போல் இறுகிக் கிடப்பதால் மரம் வேர்விட முடியாது. அதனால்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரமில்லாத வெளி, சிங்கம் வந்தால் தூரத்திலேயே தெரியும். பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுப்பு எடுக்க வழியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். உங்களுக்கு அது இல்லை என்பதால் செப்டம்பருக்கே வருகிறேன்.

செப்டம்பர் கடைசிக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

கென்யா வழி என்றால் நைரோபியில் இறங்கி அம்போசெலி இரண்டு இரவு, நைவாஷா ஏரியில் ஒரு இரவு, மாரா மூன்று இரவு. அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள சின்னப் பூங்கா. கிளிமஞ்சாரோ மலை இருப்பது தான்சானியாவில், ஆனால் அது முழுசாகத் தெரிகிற நல்ல இடம் இது, அதுவும் விடியற்காலையில். எட்டு, ஒன்பது மணிக்குள் மேகம் மூடிவிடும். மலையிலிருந்து நிலத்தடியில் வரும் தண்ணீர் பூங்காவின் நடுவில் சதுப்பாக ஊறி நிற்பதால், சுற்றிலும் வறண்டு புழுதி பறந்தாலும் யானைகள் இடுப்பளவு பச்சையில் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். சிந்தியா மோஸ் 1972இல் தொடங்கிய யானை ஆய்வு இன்னும் இங்கே நடக்கிறது. குடும்பம் குடும்பமாக யானைகளுக்குப் பெயர் வைத்து, தாய், பாட்டி, பேத்தி வரை பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி கிடைத்தால் எதிரே போகிற கூட்டத்தை நடத்துகிற கிழவி யார் என்றுகூடச் சொல்வார்.

உங்கள் திட்டத்தில் இருக்கிற நகுருவை எடுத்துவிடுங்கள். ஏரி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நிற்கிற படத்தைக் காட்டித்தான் விற்பார்கள். 2010க்குப் பிறகு ஏரியின் நீர்மட்டம் வெகுவாக ஏறி, உப்பு நீர்த்துப்போய், பூநாரை தின்கிற பாசி குறைந்துவிட்டது. பெருங்கூட்டங்கள் பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன. பழைய கேட்டும் சில சாலைகளும் தண்ணீருக்குள் போனதில் வேறு வழி போட வேண்டியதாயிற்று. காண்டாமிருகம் பார்க்க நகுரு இன்னும் நல்ல இடம்தான். ஆனால் அதற்கு நைரோபி தேசியப் பூங்காவே போதும். 1946இல் தொடங்கிய, 117 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. பின்னணியில் நகரத்துக் கட்டடங்கள், நடுவில் உயர்ந்த தூண்கள் மேல் ரயில் பாலம், கீழே காண்டாமிருகம். விமானத்துக்கு முன்னால் அரை நாள் இருந்தால் முடிந்துவிடும்.

மாராவில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நாம் மாரா என்று சொல்வது நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழுள்ள, 1,510 சதுர கிலோமீட்டர் காப்பகம். ஆற்றுக்கு மேற்கேயுள்ள ‘மாரா முக்கோணம்’ 2001 முதல் தனி நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே விதிமுறை கொஞ்சம் கறாராக இருக்கும். காப்பகத்துக்கு வெளியே வடக்கிலும் கிழக்கிலும் நபோய்ஷோ, ஒலாரே மொட்டோரொகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள் உண்டு. மசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தை விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதாமாதம் வாடகை வாங்குகிறார்கள். வண்டிகள் குறைவு, பாதையை விட்டு இறங்கி ஓட்டலாம், இரவிலும் போகலாம், துப்பாக்கி வைத்த காவலரோடு நடக்கலாம். இவை எதுவும் காப்பகத்துக்குள் கிடையாது. விலை அதிகம்தான். ஆனால் மூன்று இரவில் ஒன்றையாவது அங்கே வைத்தால் கொடுத்த காசு வீணாகாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில முகாம்கள் சின்னப் பிள்ளைகளை ஏற்பதில்லை.

தான்சானியா வழி என்றால் அருஷாவில் ஒரு இரவு, தரங்கிரே பூங்காவில் ஒரு இரவு, செரெங்கெட்டி மூன்று இரவு, ஙொரோங்கொரோ விளிம்பில் அல்லது கராட்டு என்ற ஊரில் ஒரு இரவு. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்.

தரங்கிரேக்கு செப்டம்பர்தான் பருவம். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வற்றியதும் அத்தனையும் தரங்கிரே ஆற்றுக்கு வரும். ஆறும் ஏறக்குறைய மணல்தான். யானைகள் தும்பிக்கையாலும் காலாலும் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடிக்கும், அவை நகர்ந்ததும் மற்றவை அந்தக் குழிக்கு வரும். இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதே பாவோபாப் மரம் இங்கே சரிவெங்கும் நிற்கிறது. பல மரங்களின் தண்டில் யானை பட்டையைப் பிய்த்துத் தின்ற குழி தெரியும். ஒரே தொல்லை செட்சி ஈ. துணிக்கு மேலேயே கடிக்கும். அடர்நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். ஜீன்ஸைப் பெட்டியிலேயே வையுங்கள்.

செரெங்கெட்டி போகிற வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு வரும். 1959இல் தொல்மானிட ஆய்வாளர் மேரி லீக்கி பதினேழு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, மனிதனுக்கு உறவான ஓர் இனத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். அருகே லயட்டோலியில் 36 லட்சம் ஆண்டுப் பழைய காலடித் தடங்கள் கிடைத்தன. அருங்காட்சியகத்தில் அவற்றின் அச்சு இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும்.

செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். செப்டம்பரில் பெருமந்தை வடக்கே போய்விட்டிருந்தாலும், நடுவில் செரோனெரா ஆற்றோரம் சிங்கம், சிறுத்தை, நீர்யானை, எருமை எல்லாம் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கும். சிறுத்தையைத் தேட ஓட்டுநர்கள் முதலில் பார்ப்பது ஆற்றோரத்து மரக்கிளைகளைத்தான். கிளையிலிருந்து ஒரு வால் தொங்கும். சிவிங்கிப்புலி வேறு ரகம், அது திறந்த வெளியில் கரையான் புற்றின் மேல் ஏறி நின்று நோட்டம் பார்க்கும். சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துவிடும் என்பதால் அவை ஓய்கிற பகல் நேரத்தில்தான் பெரும்பாலும் வேட்டையாடும். அதனால் மற்ற வண்டிகள் சாப்பாட்டுக்குத் திரும்பிய பத்து மணிக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். மூன்று இரவு தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு காலையில் சாப்பாட்டுப் பெட்டியை வண்டியிலேயே வாங்கிக்கொண்டு போய், ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓடி ஓடிப் பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற சிங்கம் கிடைக்கும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது எழுந்து என்ன செய்கிறது என்பதும் கிடைக்கும்.

ஙொரோங்கொரோ உண்மையில் தேசியப் பூங்கா இல்லை, பாதுகாப்புப் பகுதி. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு ஒரு எரிமலை உள்ளே சரிந்து உண்டான பள்ளம், 600 மீட்டர் ஆழம், அடியில் சுமார் 260 சதுர கிலோமீட்டர் சமவெளி. அதற்குள் ஏறக்குறைய 25,000 பெரிய விலங்குகள். ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. செங்குத்தான சரிவில் அதனால் இறங்க முடிவதில்லை என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். யானைகளிலும் அங்கே இருப்பவை பெரும்பாலும் தனியாகத் திரியும் கிழட்டு ஆண்கள், பெரிய தந்தங்களோடு. கறுப்புக் காண்டாமிருகத்தைக் காட்டில் பார்க்க ஓரளவு நம்பிக்கை வைக்கக்கூடிய இடம் இது, தொலைநோக்கியில் ஒரு சாம்பல் புள்ளியாகத் தெரிந்தாலும் சந்தோஷப்படுங்கள்.

இந்தப் பள்ளத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கழுதைப்புலி. கோழை, திருடன் என்று அதற்குக் கெட்ட பெயர். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் இங்கே இரவிரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, கழுதைப்புலிகள் கூட்டமாக வேட்டையாடி வீழ்த்துவதையும், சத்தம் கேட்டு வந்து சிங்கம் பறித்துக்கொள்வதையும் கண்டார். விடிந்ததும் வருகிற மனிதர்கள் சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி தள்ளி நிற்பதையும் மட்டும் பார்த்து, கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஆட்சி பெண்களுடையது, தாயின் பதவி குட்டிக்கு வரும். இரை கிடக்குமிடத்தில் யார் முதலில் தின்கிறது, யார் காதை மடக்கிக்கொண்டு ஒதுங்குகிறது என்று கவனித்தாலே இதெல்லாம் கண்ணில் படும்.

சிங்கங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1962இல் கனமழைக்குப் பிறகு கடிக்கிற ஈக்கள் பெருகி, பள்ளத்துச் சிங்கங்களில் பெரும்பாலானவை இறந்துபோயின. இப்போது இருப்பவை அன்று மிஞ்சிய ஒரு சிலவற்றின் வம்சம், வெளியிலிருந்து வந்தவை மிகக் குறைவு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததன் விளைவுகளை விஞ்ஞானிகள் அங்கே நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் நாலைந்து மணி நேரம் போதும். ஆறு மணிக்குக் கேட் திறக்கும்போதே இறங்கிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் வண்டி நெரிசல். விளிம்பு ஏறக்குறைய ஊட்டி உயரம், விடியற்காலையில் நடுங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து அரைக்கை சட்டையோடு வருகிற நம் ஆட்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம்.

வழியெங்கும் சிவப்புப் போர்வையும் மாடுமாக மசாய் மக்கள் இருப்பார்கள். 1959இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது, ஙொரோங்கொரோவில் வாழலாம் என்ற ஏற்பாட்டோடுதான் அந்தப் பாதுகாப்புப் பகுதி உருவானது. 2022 முதல் அரசாங்கம் குடும்பங்களைத் தொலைவிலுள்ள ஹண்டேனி மாவட்டத்துக்கு மாற்றுகிறது. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு, விரட்டுகிறார்கள் என்று எதிர்க்கிறார்கள் மக்களில் பலர். ‘மசாய் கிராமம்’ என்று வண்டியை நிறுத்துவது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நடன நிகழ்ச்சி. எனக்கு அதில் இஷ்டமில்லை. உங்கள் ஓட்டுநரே மசாயாக இருந்தால், மதியச் சாப்பாட்டின்போது அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள்.

ஓட்டுநர்தான் உங்கள் பயணம். விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் ஓட்டுநர் யார் என்று கேளுங்கள். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பட்டை கொடுக்கிறார்கள். வெள்ளிப் பட்டைக்காரர் வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனி தான்சானியாவில் டாட்டோ, கென்யாவில் காட்டோ என்ற சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரா என்றும் பாருங்கள். வண்டி கூரை திறக்கிற லேண்ட் குரூஸராக, உங்கள் நாலு பேருக்கு மட்டுமாக இருக்க வேண்டும். கென்யாவில் விலையைக் குறைக்க வேன் கொடுப்பார்கள், மாராவின் மண்பாதையில் அது முதுகுக்கு ஆகாது. வண்டி ஏறியதும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: ரேடியோவில் ‘சிம்பா’ (சிங்கம்) என்று கேட்டதும் பறக்க வேண்டாம், எங்களுக்கு அவசரமில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரிய விலங்கையும் காட்டினால்தான் டிப்ஸ் என்று நம்பிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பலர். அந்தப் பாரத்தை இறக்கி வைத்தால் அவர் தனக்குப் பிடித்ததைக் காட்ட ஆரம்பிப்பார். டிப்ஸ் வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே போகிறது என்றால், கணிசமான பங்கு பூங்கா கேட்டில். செரெங்கெட்டிக்குப் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர், அதன்மேல் 18 சதவீத வரி. ஙொரோங்கொரோவுக்கு 60 டாலரும் வரியும். செரெங்கெட்டிக்கு அதன் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால் போகும்போதும் வரும்போதும் கட்டுவீர்கள். பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 250 டாலரும் வரியும். பூங்காவுக்குள் தங்கினால் இரவுக்குத் தனிக் கட்டணம். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் 200 டாலர், மற்ற மாதங்களில் 100. பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் குறைவு. இவையெல்லாம் அடிக்கடி மாறும், பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபாருங்கள். செரெங்கெட்டியில் 24 மணி நேரக் கணக்கு உள்ளே நுழைந்த நிமிடத்திலிருந்து ஓடும். காலை பதினொன்றுக்கு நுழைந்தால் கடைசி நாள் பதினொன்றுக்குள் நாபி ஹில் கேட்டைத் தாண்ட வேண்டும், அன்றைக்கு ஓட்டுநர் எந்தச் சிங்கத்துக்கும் நிறுத்த மாட்டார். பிற்பகல் நுழைகிற மாதிரி திட்டமிட்டால் கடைசி நாள் காலை முழுக்க உங்களுக்கு மிஞ்சும்.

விசா தான்சானியாவுக்கு இந்தியர்களுக்கு 50 டாலர், இணையத்தில் எடுக்கலாம். கென்யா 2024 ஜனவரி முதல் 30 டாலர் மின்னணுப் பயண அனுமதி கேட்கிறது. ‘கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா’ என்று ஒன்று உண்டு, அதில் கென்யா, உகாண்டா, ருவாண்டா மட்டும்தான், தான்சானியா இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் அலட்சியம் வேண்டாம். கென்யா போய்வந்தாலோ, வேறு நோய்ப் பரவல் நாட்டு விமான நிலையம் வழியாக வந்தாலோ, சான்று இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னாலாவது போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள், பிள்ளைகளின் எடைக்கேற்ப அளவு மாறும்.

சாமானில் சில மட்டும். பிளாஸ்டிக் பை எடுத்துப் போகாதீர்கள், கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன. சின்ன விமானத்தில் ஏறுவதாக இருந்தால் 15 கிலோ, அதுவும் மடங்குகிற துணிப்பை. பழைய டாலர் நோட்டை, குறிப்பாக 2006க்கு முந்தையதை, வாங்க மாட்டார்கள். கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு தொலைநோக்கி வாங்குங்கள். நாலு பேருக்கு ஒன்று என்றால் வண்டிக்குள்ளேயே சிறுத்தைச் சண்டை நடக்கும். சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. ரயில் பாதை போட வந்த இந்தியர்கள் காலத்திலிருந்து சப்பாத்தியும் சம்பூசாவும் பாலில் கொதித்த டீயும் அந்த ஊர் உணவாகவே ஆகிவிட்டன. தயிர்சாதம்தான் கிடைக்காது.

இப்போது ஏஜென்டுக்கு எழுத வேண்டியது: மாரா, நகுரு, அம்போசெலி, மன்யாரா நான்கையும் நீக்கி, தரங்கிரேயைச் சேர்க்கவும். செரெங்கெட்டியில் செரோனெராவை ஒட்டி மூன்று இரவு. நாலு பேருக்குத் தனி லேண்ட் குரூஸர், முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே ஓட்டுநர். பூங்காக் கட்டணம், பள்ளத்தில் இறங்கும் கட்டணம், வரி எல்லாம் விலைக்குள் அடங்குமா என்று தனித்தனி வரியாக. கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து திரும்பும் விமானம் மாலை ஏழுக்குப் பிறகு. ‘இவ்வளவு தூரம் வந்து மாரா பார்க்காமல் போகலாமா’ என்று அவர் கேட்பார். போகலாம்.